நூலகத்தில் உங்களுக்கான புத்தகத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

"அக்கா, நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டு வருபவர்களிடம் நான் உடனே எந்தப் பெயரையும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். தமிழ் அலமாரிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒருவர் இரவெல்லாம் விழித்துப் படித்த நாவலை இன்னொருவர் இருபதாம் பக்கத்தில் மூடிவிட்டுத் திருப்பித் தருவார். இரண்டு பேருமே நல்ல வாசகர்கள்தான். அதனால் "நல்ல புத்தகம்" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதையும் எடுத்துத் தர முடியாது. ஆளைத் தெரிந்துகொண்டால் முடியும்.

நூலகப் பணியாளரிடம் எப்படிக் கேட்பது, என்ன சொன்னால் சரியான புத்தகம் கைக்கு வரும், நானும் என்னோடு வேலை செய்பவர்களும் எந்த வகைக்கு எதை எடுத்துத் தருகிறோம் என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். கூச்சப்பட்டுக்கொண்டு அலமாரி ஓரமாகவே நின்றுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் முதலில் இது.

கேட்கும்போது சொல்ல வேண்டியவை

கடைசியாக எதை ரசித்தீர்கள் என்று சொல்லுங்கள். அது புத்தகமாக இருக்க வேண்டும் என்றில்லை. வசந்தம் ஒளிவழியில் பார்த்த நாடகம், ஒரு படம், தாத்தா சொன்ன கதை, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அதில் எது பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது நூலகத்துக்கு வந்து நாவலைக் கேட்டவர்கள் ஏராளம். கல்கி அதை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார், ஐந்து பாகங்கள். படம் பார்த்த உற்சாகத்தில் ஐந்தையும் சுமந்துகொண்டு போகிறவர்கள் பலர். இரண்டாம் பாகத்தைத் தாண்டுகிறவர்கள் சிலர்தான். எனவே படத்தில் எது பிடித்தது என்று கேட்பேன். வந்தியத்தேவன் குதிரையில் ஊர் ஊராகப் போனது பிடித்தது என்றால், அதே கல்கி எழுதிய பார்த்திபன் கனவை முதலில் கொடுப்பேன். ஒரே புத்தகம், படகோட்டி பொன்னனோடு ஓடிக்கொண்டே இருக்கும் கதை. அவருடைய நடை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு ஐந்து பாகங்களுக்குப் போகலாம். அரண்மனைச் சூழ்ச்சிதான் பிடித்தது என்பவருக்கு நேராகப் பொன்னியின் செல்வன்தான். அவர் தாங்குவார்.

அசுரன் படம் பார்த்துவிட்டு வருபவருக்கு வேலை இன்னும் எளிது. அதன் மூலக்கதை பூமணியின் வெக்கை. மெல்லிய புத்தகம். கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. படத்தில் இருப்பதைவிடப் புத்தகத்தில் அமைதி அதிகம். அந்தக் கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் தடுமாற வைக்கும். வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும்.

அடுத்து, எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. எனக்கோ இது மிக முக்கியம். உட்லண்ட்ஸில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குபவருக்குத் தினமும் நல்ல நேரம் கிடைக்கிறது, நாவல் தாங்கும். நான்கு நிறுத்தம் போய் ரயில் மாறுகிறவருக்கு நாவல் வேண்டாம். அவருக்குத் தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம் போன்ற ஒன்றைக் கொடுப்பேன். சோறு, உப்பு, எண்ணெய், தாலி என்று நம் வீட்டுக்குள் இருக்கும் பொருள்களையும் வழக்கங்களையும் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள். இரண்டு நிறுத்தத்துக்குள் ஒன்று முடிந்துவிடும். முடித்த பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏதாவது கேட்கத் தோன்றும். தூங்கப் போகும்முன் படிப்பவர்களுக்கு அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளை எடுத்துத் தருவேன். யாழ்ப்பாணத்தில் தொடங்கி ஆப்பிரிக்கா, கனடா என்று நாடு நாடாகப் போகும், ஆனால் குரல் உயராது. இரவுக்கு ஏற்றது.

மூன்றாவதாக, இன்று எது வேண்டாம் என்பதைச் சொல்லுங்கள். "சாவு வர்ற கதை வேண்டாம்", "பெண்களைப் படுத்துற கதை இப்போ படிக்க முடியாது", "கஷ்டம் போதும்" இவையெல்லாம் எனக்கு மிகவும் உதவுகிற தகவல்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, நான் கேட்கவும் மாட்டேன். வீட்டில் ஒருவரை இழந்து சில மாதங்களே ஆன ஒரு ஆன்ட்டிக்கு, ஊரில் எல்லோரும் கொண்டாடுகிறார்கள் என்பதற்காக ஒரு கனமான நாவலைக் கொடுப்பது கொடுமை. அவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். பாட்டி கதை சொல்ல, ஊரே உட்கார்ந்து கேட்கிற மாதிரியான புத்தகம். அதிலும் துயரம் உண்டு. ஆனால் கூட ஒரு கூட்டமே இருக்கிறது.

என் சக ஊழியர்கள் கைகாட்டுபவை

நூலகத்தில் ஆளுக்கொரு பித்து உண்டு. அதனால்தான் ஒருவரிடம் கேட்டுத் திருப்தி இல்லையென்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள் என்கிறேன். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

காலையில் அலமாரி அடுக்கும் தம்பி ஒருவர் துப்பறியும் கதைகளை விடவே மாட்டார். அவர் கணக்கில் தமிழ் படிக்கவே சிரமப்படும் இளைஞர்களுக்கு முதல் மருந்து சுஜாதா. வாக்கியங்கள் குட்டியாக இருக்கும், பேச்சு நிறைய இருக்கும், வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே வழக்கைத் துப்புத் துலக்குவார்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, எதிலிருந்தும் தொடங்கலாம். கொலையுதிர் காலத்தைத்தான் தம்பி முதலில் நீட்டுவார். நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்ற கேள்வி வாசகரை விடாது. அறிவியல் புனைவு கேட்டால் என் இனிய இயந்திரா. ஜீனோ என்ற இயந்திர நாய் அதில் வருகிறது. எண்பதுகளில் எழுதிய கதை; பதினாறு வயதுப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த நாய்க்காகவே அடுத்த பாகமான மீண்டும் ஜீனோவைக் கேட்டு வருகிறார்கள்.

சுங்கை புலோவுக்குப் பறவை பார்க்கப் போகிற ஒரு சக ஊழியர் இருக்கிறார். இயற்கை, விலங்கு என்று யார் கேட்டாலும் நான் அவரிடம் அனுப்பிவிடுவேன். அவர் கையில் எப்போதும் தியடோர் பாஸ்கரன்தான். இன்னும் பிறக்காத தலைமுறைக்காக, தாமரை பூத்த தடாகம் இரண்டும் கட்டுரைத் தொகுப்புகள். நம் புளோக்குக்குக் கீழே நடக்கும் மைனாவையும் மரத்தில் தாவும் அணிலையும் நின்று பார்க்க வைக்கிற எழுத்து. தமிழில் பறவைகளுக்கு எத்தனை அழகான பெயர்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இதுதான் வழி.

வாழ்க்கை வரலாறு கேட்பவர்களுக்கு என் சொந்தப் பரிந்துரை உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம். தடிமனைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர், அதனால் அத்தியாயங்கள் குட்டி குட்டியானவை. முன்னோர் கதை முதலில் நீளமாகப் போகும். அது பிடிக்கவில்லையென்றால், அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகும் இடத்திலிருந்து தொடங்குங்கள். நான் பலருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தாள் வைத்தே கொடுத்திருக்கிறேன். அங்கிருந்து தொடங்கியவர்கள் பிறகு தாமாகவே திரும்பிப் போய் முன்பகுதியைப் படித்துவிடுகிறார்கள். அப்புறம் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திப்பது, சீவக சிந்தாமணி ஏட்டைத் தேடி அலைவது, 1887இல் அதை அச்சில் கொண்டுவருவது என்று வரும் பகுதிகளில் துப்பறியும் கதையின் விறுவிறுப்பு இருக்கும்.

உழைக்கும் மக்களின் கதை வேண்டும் என்பவருக்கு ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களோடு நேரில் பழகி எழுதியது. பெண்களின் குரல் வேண்டுமென்றால் அம்பை, சல்மா. நூறு சொச்சம் பக்கத்தில் ஒரு முழு நாவல் வேண்டுமென்றால் அசோகமித்திரனின் தண்ணீர். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் இரண்டு சகோதரிகள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற ஊரில் உட்கார்ந்து அதைப் படிப்பது தனி அனுபவம். மொழிபெயர்ப்பில், தகழி சிவசங்கரப் பிள்ளையின் செம்மீனைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியது எங்கள் நூலகத்தில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்துக் கடலின் கதைகள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். சிங்கப்பூர் வாசகர்களில் பலர் தமிழ்ப் புத்தகம் என்றாலே காவிரிக்கரை, மதுரை, சென்னை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பினாங்கும் மேடானும் ஜொகூர் ரப்பர் தோட்டமும் தேக்காவும் வருகிற தமிழ்ப் புத்தகங்களை நான் ஒவ்வொருவர் கையிலும் திணிக்காத குறைதான்.

முதலில் ப. சிங்காரம். சிவகங்கைப் பக்கத்துச் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போய், போர்க்காலத்தை இந்த வட்டாரத்திலேயே கண்டு, பிறகு ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள்: 1959இல் கடலுக்கு அப்பால், 1972இல் புயலிலே ஒரு தோணி. இரண்டும் சேர்ந்து ஒரே தொகுப்பாகவும் கிடைக்கிறது. ஜப்பானியர் காலம், இந்திய தேசிய ராணுவம், செட்டியார்களின் வட்டிக் கடைகள், கப்பல், கள்ளக் கடத்தல் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவதுதான் பெயர் பெற்றது. ஆனால் நான் முதலாவதை முதலில் படிக்கச் சொல்வேன். கதை நேராகப் போகும், அந்த உலகம் பழகிவிடும். பிறகு புயலிலே ஒரு தோணிக்குள் போனால் கதாநாயகன் பாண்டியன் எங்கே நடக்கிறான், யாரோடு பேசுகிறான் என்று தடுமாற மாட்டீர்கள். அதில் மலாய்ச் சொற்கள் நிறைய வரும். தமிழ்நாட்டு வாசகர் அடிக்குறிப்பைத் தேடுகிற இடத்தில் நமக்கு எதுவும் தேவைப்படாது. ஈரச்சந்தையில் நாள்தோறும் காதில் விழுகிற மொழிதானே. இந்த நாவலைத் தமிழ்நாட்டில் இருப்பவரைவிட நாம் நன்றாகப் படிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோட்டப்புற வாழ்க்கை தெரிய வேண்டுமென்றால் அகிலனின் பால்மரக்காட்டினிலே. மலேசியாவில் பிறந்து இங்கே குடியேறிய அங்கிள்மார் இதைப் படித்துவிட்டு வந்து என்னிடம் தங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணி நேரமும் என் வேலையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

இனி நம் ஊர். இங்கே 1887இலேயே சிங்கை நேசன் என்ற வார இதழைச் சி.கு. மகுதூம் சாயபு நடத்தினார். தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. ஆகவே சிங்கப்பூரில் தமிழ் எழுத்து நேற்று முளைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு வயதைப் பார்த்துச் சொல்வேன்.

அறுபது வயதைத் தாண்டியவர் என்றால், புதுமைதாசன் என்ற பெயரில் எழுதும் பி. கிருஷ்ணனின் அடுக்கு வீட்டு அண்ணாசாமி. வானொலி நாடகமாக வந்து பிறகு நூலானது. அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன காலத்தின் சிரிப்பும் குழப்பமும் அதில் இருக்கிறது. வானொலியில் கேட்ட குரல்கள் தங்களுக்கு இன்னும் நினைவிருப்பதாகச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்துப் பாருங்கள். நாடக வடிவம் என்பதால் அதற்கு மிகவும் தோதானது.

வேலைக்குப் போகும் பெண்கள், முப்பது நாற்பது வயதுக்காரர்கள் என்றால் லதாவின் சிறுகதைகள். அவருடைய நான் கொலை செய்யும் பெண்கள் தொகுப்பு 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. இளையவர்களுக்குச் சித்துராஜ் பொன்ராஜின் மாறிலிகள். அதுவும் 2016இல் அதே பரிசை வாங்கியது. சமைக்கப் பிடிக்கும், சாப்பிடப் பிடிக்கும் என்பவருக்கு ஷாநவாஸின் அயல் பசி. சமையல் குறிப்பு நூல் என்று நினைத்து எடுக்காதீர்கள். உணவைச் சுற்றி மனிதர்களையும் ஊர்களையும் பேசும் கட்டுரைகள். பசியோடு படிக்க வேண்டாம் என்று மட்டும் எச்சரிப்பேன்.

மா. இளங்கண்ணனின் வைகறைப் பூக்கள் நாவலுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. அது ஃபிளவர்ஸ் அட் டான் என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் வசதி, மகளுக்கு ஆங்கிலம் வசதி என்றால் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய் ஒரே வாரத்தில் படியுங்கள். சாப்பாட்டு மேசையில் பேச விஷயம் கிடைக்கும். பக்கத்து வீட்டுச் சீன நண்பருக்கோ மலாய் நண்பருக்கோ தமிழ்க் கதை ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால், பெருமாள்முருகனின் பூனாச்சி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டுக்குட்டியின் வாழ்க்கை. எந்த முன்னறிவும் வேண்டியதில்லை. எங்கள் நூலகத்தில் தமிழ் தெரியாத சக ஊழியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, அடுத்தது என்ன என்று என்னிடம் கேட்டு நின்றார்.

சிங்கப்பூர்த் தமிழ் நூல்களைத் தேடுவதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. சிங்கப்பூர் இலக்கியப் பரிசு நான்கு மொழிகளுக்கும் கொடுக்கப்படுகிறது. அதன் தமிழ்ப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கு வந்த நூல்களைப் பாருங்கள், பரிசு பெற்றதை மட்டும் பார்க்காதீர்கள். பழைய நூல்களுக்கு, நாட்டின் பொன்விழாவை ஒட்டி உருவான தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இருக்கிறது. 1965 முதல் 2015 வரை ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கடையில் கிடைக்காத கவிதைத் தொகுப்புகள்கூட அங்கே இருக்கின்றன. தமிழ் முரசின் பழைய இதழ்களும் வாரியத்தின் செய்தித்தாள் தொகுப்பில் உண்டு. தாத்தா எழுதிய கடிதம் முரசில் வந்ததாம் என்று தேடி வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் அது.

பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கும்போது

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, "தமிழ்ப் பாடத்துக்கு உதவுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்பதுதான். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம், தமிழுக்கு என்று இருப்பது அந்த ஒரு வகுப்பு. ஆனால் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு தேர்வைப் பற்றிப் பேசாதீர்கள். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பிள்ளையின் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள படப் புத்தகங்களையும் சேர்த்துத் தரையில் பரப்பி வைப்பேன். தொடக்கநிலை 4 படிக்கும் பையன் தொடக்கநிலை 2 புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும். "இது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று சொல்லி அம்மா திருப்பி வைக்கும்போது என் மனம் துடிக்கும். ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே படித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி அந்தப் பிள்ளைக்கு முதலில் வர வேண்டும். அது வந்த பிறகு கடினமானதைத் தானே கேட்கும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் படப் புத்தகங்களுக்கும் பெற்றோர் தடை போட வேண்டாம். பிள்ளை ஆங்கிலத்தைத்தான் பார்க்கும் என்று சொல்கிறார்கள். பார்க்கட்டுமே. நீங்கள் தமிழைச் சத்தமாகப் படியுங்கள், காது கேட்டுக்கொள்ளும்.

படிக்கும் நேரம் பத்து நிமிடம் போதும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சொற்பொருள் கேட்டுச் சோதிக்காதீர்கள். ஊரில் தாத்தா பாட்டி இருந்தால், காணொளி அழைப்பில் அவர்கள் படிக்க இங்கே பிள்ளை பக்கத்தைத் திருப்பட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடக்கிறது. அந்த வீட்டுச் சிறுமி நூலகத்துக்கு வந்தால் "பாட்டிக்கு ஒண்ணு" என்று கேட்டுத்தான் எடுக்கிறாள்.

மேல் வகுப்புகளுக்கு வந்ததும் இரா. நடராசனின் ஆயிஷா. கேள்வி கேட்கும் மாணவி ஒருத்தியைப் பற்றிய சிறுகதை, தனிச் சிறு நூலாகவே வந்திருக்கிறது. மனத்தை உலுக்கும் முடிவு உண்டு. அதனால் பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். உயர்நிலைப் பிள்ளைகளுக்குக் குட்டி இளவரசன்; பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே படித்திருப்பார்கள். தெரிந்த கதை என்பதே தமிழில் படிக்கத் துணிவு கொடுக்கும்.

தேடுவதும் எடுப்பதும்

பணியாளர் யாரும் அருகில் இல்லையென்றால் புத்தகத்தின் முதுகில் உள்ள எண் உதவும். தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் வரும், கதைகள் 894.8113. சமையல் 641.5, பறவைகள் 598, சிங்கப்பூர் வரலாறு 959.57. பிடித்த புத்தகம் ஒன்று கிடைத்தால் அதன் இடதுபக்கமும் வலதுபக்கமும் ஐந்தைந்து புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரை நூல்களில் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் ஒரே பொருளைப் பேசும் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கதைப் புத்தகங்களில் அவ்வளவாகப் பயன்படாது.

கணினியில் தேடும்போது தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். புத்தகம் இல்லை என்று முடிவு கட்டும் முன் எழுத்தை மாற்றிப் பாருங்கள். தமிழ் நூல்கள் எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவில் இருக்காது. உங்கள் வீட்டருகே இல்லாதது வேறு கிளையில் இருந்தால் முன்பதிவு செய்து உங்கள் நூலகத்துக்கே வரவழைக்கலாம். படித்து முடித்ததை எந்தப் பொது நூலகத்தின் பெட்டியிலும் போடலாம்.

கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்கு லிப்பி செயலியில் மின்னூல் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தவணை முடிந்ததும் புத்தகம் தானே திரும்பிவிடும், தாமதக் கட்டணக் கவலை இல்லை. முதல் முறை உள்நுழைவது மட்டும்தான் சிரமம். அதற்கு நூலகத்துக்கு அழைத்து வாருங்கள், உட்கார்ந்து செய்து தருவோம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், இரவல் கிடையாது. அரிய சிங்கப்பூர் நூல்களுக்கு அங்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில் வரும் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாசலில் தயங்கி நிற்க வேண்டாம்.

எத்தனை எடுப்பது? என் ஆலோசனை மூன்று. உங்களுக்குப் பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று, நூறு நூற்றைம்பது பக்கத்துக்குள் முடியும் ஒன்று, பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்று. தவணை 21 நாள், யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் இன்னொரு முறை நீட்டிக்கலாம். மூன்றாவது புத்தகம் பிடிக்காமல் போனால் நட்டமில்லை, நூலகம் இருப்பதே அதற்குத்தான். கடையில் இருபது வெள்ளி கொடுத்து வாங்கினால் இப்படித் துணிய முடியாது.

முப்பது பக்கம் படித்துப் பாருங்கள். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள். சிங்காரத்துக்கு மட்டும் அறுபது பக்கம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பாதியில் விட்ட புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கோ அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் முதலில் தெரிய வேண்டும். முகப்புக்கு வந்து எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது, எது சலித்தது என்று இரண்டு வரி சொல்லுங்கள். பேச நேரமில்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை வைத்துத்தான் உங்களுக்கு அடுத்த புத்தகத்தை எடுத்து வைப்பேன்.